மலையில் டயாலிசிஸ் மெஷின் கூடுதலாகத் தண்ணீர் இழுக்குமா?

மஞ்சூர் வாசகர் கேட்டது, நவம்பர் 14, இரவு 9.40

அப்பாவுக்கு 61 வயது. கோவையில் வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது மஞ்சூருக்கே வந்துவிட்டோம், ஊட்டியில் போடுகிறோம். கோவையில் இல்லாத தொல்லை இங்கே வருகிறது. மூன்றாவது மணி நேரத்தில் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கிறது, பி.பி. இறங்குகிறது, ஒரு நாள் கண்ணே இருட்டிவிட்டது. மலையில் காற்றழுத்தம் குறைவு, அதனால் மெஷின் சொன்னதைவிடக் கூடுதலாகத் தண்ணீரை இழுத்துவிடும், இங்கே எல்லோருக்கும் அப்படித்தான் என்று பக்கத்து பெட்காரர் சொல்கிறார். உண்மையா அண்ணா? உண்மையென்றால் மறுபடியும் கீழே இறங்கிவிடலாமா என்று யோசிக்கிறோம்.

நவம்பர் 14, இரவு 11.15

இறங்க வேண்டாம். காற்றழுத்தம் காரணம் இல்லை. நான் குன்னூர் பக்கம் டயாலிசிஸ் டெக்னீஷியன், அதற்கு முன்னால் கோவையில் இருந்தேன். இரண்டு இடத்திலும் அதே மாதிரி மெஷின்தான்.

ஃபில்டருக்குள் ஒரு பக்கம் ரத்தம் ஓடுகிறது, மெல்லிய சவ்வுக்கு மறுபக்கம் டயாலிசேட் என்ற உப்புக் கரைசல் ஓடுகிறது. தண்ணீரைத் தள்ளுவது இந்த இரண்டு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம். அதைத்தான் திரையில் டி.எம்.பி. என்று போட்டிருக்கும். கோவையில் வெளிக்காற்று சுமார் 720 மி.மீ. பாதரசம், 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் சுமார் 580. இந்தக் குறைவு ரத்தப் பக்கத்துக்கும் டயாலிசேட் பக்கத்துக்கும் ஒரே அளவுதான். கழித்துப் பார்த்தால் வித்தியாசம் மாறாது.

அதைவிடப் பெரிய விஷயம், இன்றைய மெஷினில் யாரும் அழுத்தத்தைச் செட் பண்ணுவதில்லை. "இவ்வளவு மில்லி, இவ்வளவு நேரம்" என்று அளவைத்தான் கொடுக்கிறோம். உள்ளே பேலன்ஸ் சேம்பர் என்று இரண்டு சின்ன அறைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ரப்பர் மாதிரி ஒரு திரை. புது டயாலிசேட் ஒரு பக்கம் நிறையும்போது அந்தத் திரை நகர்ந்து மறுபக்கம் இருக்கும் பழையதை அதே அளவு வெளியே தள்ளும். போனதும் வந்ததும் சமம். இந்தச் சமக் கணக்குக்கு வெளியே யூ.எஃப். பம்ப் என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் இத்தனை மில்லி என்று அதுதான் கூடுதலாக உறிஞ்சும். அது உறிஞ்சுகிற அளவு உங்கள் அப்பா ரத்தத்திலிருந்துதான் வந்தாக வேண்டும், வேறு வழியே கிடையாது. டி.எம்.பி. அதற்கேற்ப ஏறும், இறங்கும், அவ்வளவுதான்.

சில கம்பெனி மெஷினில் சேம்பருக்குப் பதில் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் ஃப்ளோ சென்சர் வைத்து அளந்து கழிக்கும். பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான்.

நவம்பர் 15, காலை 6.20

ஷிஃப்டுக்குக் கிளம்புகிறேன், சீக்கிரம் கேட்டுவிடுகிறேன். எடை பார்க்கும்போது அப்பா என்ன உடுத்தியிருந்தார்? கோவையில் என்ன, இங்கே என்ன? தாளில் டிரை வெயிட், அதாவது கூடுதல் தண்ணீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை, எவ்வளவு எழுதியிருக்கிறது? எத்தனை மணி நேரம் ஓடுகிறது? நாலு மணி நேரம் என்று எழுதியிருப்பதைக் கேட்கவில்லை, நிஜமாக எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேட்கிறேன்.

நவம்பர் 15, இரவு 10.05

பதில் வரும் வரை பழைய கதை கொஞ்சம். பக்கத்து பெட்காரர் சொன்னது முழுப் பிதற்றல் இல்லை. ஒரு காலத்தில் அழுத்தத்தை வைத்துத்தான் தண்ணீர் எடுத்தார்கள்.

நெதர்லாந்தில் கம்பன் என்ற ஊரில் வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் 1943-இல் சுழலும் டிரம் செய்து டயாலிசிஸ் பண்ணினார். செல்லோஃபேன் குழாயை மர டிரம்மில் சுற்றித் திறந்த தொட்டியில் உருட்டினார். கழிவு போனது, ஆனால் தண்ணீரைக் கணக்காக எடுக்க வழியில்லை. திறந்த தொட்டியில் எந்த அழுத்தத்தைக் கொடுப்பது? ஸ்வீடனில் லுண்ட் நகரத்து நில்ஸ் ஆல்வால்தான் 1946 வாக்கில் குழாயைக் கெட்டியான கூட்டுக்குள் அடைத்து, அழுத்தம் கொடுத்துத் தண்ணீரை இழுக்கலாம் என்று காட்டினார். வீங்கி வந்த நோயாளிக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்கள் வேலையில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

அப்புறம் வெகுகாலம், டெக்னீஷியன் டயாலிசேட் பக்கம் நெகட்டிவ் பிரஷரைக் கையால் திருகி வைப்பார், அரை மணிக்கொரு தடவை எடை பார்ப்பார். என் சீனியர் அந்த மாதிரி மெஷினில் கை பழகியவர். "திருகைத் தொட்டுட்டு டீ குடிக்கப் போனா போச்சு" என்பார்.

அந்த முறை ஏன் ஒழிந்தது என்று ஒரு கணக்கு. ஃபில்டருக்கு ஒரு எண் உண்டு, ஒரு மி.மீ. அழுத்தத்துக்கு மணிக்கு எத்தனை மில்லி தண்ணீர் விடும் என்று. பழைய லோ ஃப்ளக்ஸ் ஃபில்டரில் அது 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 750 மில்லி எடுக்க 125 மி.மீ. அழுத்தம் வேண்டும். பத்து மி.மீ. தவறினால் 60 மில்லி தவறும். பரவாயில்லை, சமாளிக்கலாம். இப்போதைய ஹை ஃப்ளக்ஸ் ஃபில்டரில் அந்த எண் 50. வெறும் 15 மி.மீ. போதும். அதில் பத்து மி.மீ. தவறினால் மணிக்கு அரை லிட்டர், நாலு மணியில் இரண்டு லிட்டர். ஆளைக் கொன்றுவிடும். அதனால்தான் ஹை ஃப்ளக்ஸ் வந்ததும் அளவை வைத்துக் கட்டுப்படுத்தும் மெஷினும் கூடவே வந்தாக வேண்டியிருந்தது. 1980களில் இது பரவியது.

ஆக, அந்தப் பயம் பழைய மெஷினோடு சேர்ந்தது. மெஷின் மாறிவிட்டது, பயம் மட்டும் ஒரு பெட்டிலிருந்து அடுத்த பெட்டுக்குத் தாவிக்கொண்டிருக்கிறது.

நவம்பர் 16, மதியம் 2.30

சர்வீஸ் இன்ஜினியர் ஒருவர் வந்து "மலைக்கும் மெஷினுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது, டீகேசிங்கை மறந்துவிட்டீர்களே" என்று எழுதியிருக்கிறார். மறக்கவில்லை, அந்த இடத்துக்கு இப்போதுதான் வருகிறேன்.

தண்ணீரில் கரைந்த காற்று இருக்கும். 37 டிகிரிக்குச் சூடாக்கினால் குமிழியாக வெளியே வரும். பேலன்ஸ் சேம்பருக்கு எமன் இந்தக் குமிழிதான். அது திரவத்தை எண்ணுவதாக நினைத்துக்கொண்டு காற்றையும் சேர்த்து எண்ணும். புது டயாலிசேட் பக்கம் குமிழி புகுந்தால் உள்ளே போகும் திரவம் குறைகிறது, வெளியே வருவது குறையவில்லை, அந்தப் பாக்கியை நோயாளி கொடுக்கிறார். பழைய பக்கம் காற்று புகுந்தால் தலைகீழ், எடுத்ததாகக் காட்டும், எடுத்திருக்காது. நிமிடத்துக்கு ஐந்நூறு மில்லி வேகத்தில் நாலு மணி நேரத்தில் 120 லிட்டர் ஓடுகிறது. ஒரு சதவீதம் பிசகினால் 1.2 லிட்டர். அதனால்தான் 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

குமிழியை முன்கூட்டியே எடுக்க ஒரு பம்ப் வெற்றிடம் இழுக்கும், இதுதான் டீகேசிங். சமவெளியில் வெளிக்காற்றைவிட 600 மி.மீ. குறைவாக இழு என்று வைக்கலாம். ஊட்டியில் மொத்தக் காற்றே 580 தானே, 600-க்கு எங்கே போவது? அதிலும் 37 டிகிரி தண்ணீரின் ஆவியழுத்தம் 47. ஆக ஊட்டியில் 533-ஐத் தாண்டி இழுத்தால் தண்ணீர் கொதிக்கவே ஆரம்பித்துவிடும். அதனால் ஊரின் உயரத்தைப் பார்த்துத்தான் இதைச் செட் பண்ண வேண்டும். சர்வீஸ் மேனுவலில் உயரத்துக்கு ஏற்ற அளவு கொடுத்திருப்பார்கள்.

கீழே ஒரு யூனிட்டில் ஓடிக்கொண்டிருந்த மெஷினை லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து அப்படியே போட்டதை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். டயாலிசேட் குழாயில் சோடா மாதிரி குமிழி, பம்பு சத்தம் வாசல் வரை கேட்டது, டி.எம்.பி. நிலையில்லாமல் ஆடியது. நோயாளியைப் போடாமல் ஒதுக்கி வைத்தோம். இன்ஜினியர் வந்து அளவை மாற்றியதும் பெட்டிப் பாம்பாக அடங்கியது. ஆக, மலை மெஷினைத் தொடும், ஆனால் வேறு வாசல் வழியாக. ஒழுங்காகக் காலிபரேட் செய்த மெஷினில் உங்கள் அப்பாவுக்கு இது பொருந்தாது.

நவம்பர் 16, மதியம் 3.10

மேலே எழுதியதோடு ஒன்று. குளிர்ந்த தண்ணீரில் காற்று அதிகம் கரையும். மார்கழியில் எங்கள் டேங்க் தண்ணீர் 10 டிகிரிக்கு இறங்கும், கோவையில் 28. அந்தக் கணக்கில் இங்கே கரைந்த காற்று ரொம்ப அதிகம் இருக்க வேண்டும். ஆனால் காற்றழுத்தம் குறைவு என்பதால் கரைவதும் குறைகிறது. இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, கரைந்த காற்றின் அளவு ஏறக்குறைய கோவைக்குச் சமமாக வந்து நிற்கிறது. மலை ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கிறது.

ஹீட்டருக்குத்தான் அந்தச் சலுகை இல்லை. 10 டிகிரித் தண்ணீரை 37-க்குக் கொண்டுபோக 940 வாட், 28 டிகிரித் தண்ணீருக்கு 310 வாட் போதும். வெளியே போகும் சூட்டை வைத்துப் பாதி வேலையை மெஷினே முடித்துக்கொள்ளும் என்றாலும், பனிக்காலை முதல் ஷிஃப்டில் டெம்பரேச்சர் அலாரம் அடிக்காத நாள் குறைவு. ஆர்.ஓ. பிளான்டும் குளிரில் சோம்பேறி. ஒரு டிகிரி குறைந்தால் சுமார் மூன்று சதவீதம் தண்ணீர் குறைவாகக் கொடுக்கும்.

நவம்பர் 17, இரவு 9.50

மஞ்சூர்க்காரர் பதில் போட்டிருக்கிறார். தாளில் டிரை வெயிட் 55 கிலோ, கோவையில் போட்டது. அங்கே வேட்டி, சட்டையோடு ஏறி நிற்பார். இங்கே வேட்டிக்குமேல் ஸ்வெட்டர், அதற்குமேல் ஜெர்கின், தலையில் குல்லா, தோளில் சால்வை, ஜெர்கின் பையில் போன், சில்லறை, ஒரு டார்ச். கடைசியாக, மஞ்சூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அரை மணி முன்னதாகவே எடுத்துவிடச் சொல்கிறாராம். "டார்ச் எதுக்கு?" என்று கேட்காதீர்கள், மஞ்சூர் ரோட்டில் ராத்திரி இறங்கி நடந்தவர்களுக்குத் தெரியும். காட்டெருமை வழிவிடாது.

சரி, கணக்கைப் பார்ப்போம்.

இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் அவர் ஏற்றி வருவது 2.6 கிலோ என்று வைப்போம். முடிவில் ரத்தத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சலைன் ஒரு 300 மில்லி உள்ளே போகும், அதையும் சேர்க்க வேண்டும். 2.9 லிட்டர். நாலு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 725 மில்லி. 55 கிலோ ஆளுக்கு ஒரு கிலோவுக்கு மணிக்கு 13.2 மில்லி.

இங்கே எடையில் ஜெர்கின் கூட்டம் 900 கிராம் கூடிவிட்டது. 3.8 லிட்டர். நேரம் மூன்றரை மணி. மணிக்கு 1,086 மில்லி. ஒரு கிலோவுக்கு 19.7.

13 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். அமெரிக்காவில் ஹீமோ என்று பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. அதில் இருந்த நோயாளிகளின் தரவை மறுபடி அலசி 2011-இல் ஒரு கட்டுரை வந்தது. கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிக்குமேல் எடுக்கப்பட்டவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்தது என்றார்கள். இதயம் பலவீனமானவர்களுக்குப் பத்துக்கு மேலேயே ஆபத்து தெரிந்தது. 13-ல் நல்லவர், 14-ல் செத்தார் என்று கோடு கிழிக்கிற எண் இல்லை அது, ஆனால் பெரும்பாலான யூனிட்டில் அதைத்தான் வேலி மாதிரி வைத்திருக்கிறோம்.

உடம்புத் தண்ணீர் எல்லாம் ரத்தக் குழாயில் இருப்பதில்லை, சதையிலும் கால் வீக்கத்திலும் இருக்கிறது. மெஷின் குழாயிலிருந்து எடுக்க எடுக்க, சதையிலிருந்து குழாய்க்குள் ஊறிவர நேரம் பிடிக்கும். ஊறுவதைவிட எடுப்பது வேகமானால் பி.பி. விழும், சதை இழுக்கும். 19.7 என்றால் மூன்றாவது மணியில் இழுக்காவிட்டால்தான் ஆச்சரியம். மெஷின் ஒரு மில்லிகூட ஏமாற்றவில்லை. ஜெர்கினையும் உடம்புத் தண்ணீர் என்று நாம் எழுதிக் கொடுத்தோம், அது நம்பி எடுத்தது.

எஸ்டேட்டில் இலை நிறுக்கும்போது சாக்கு எடையைக் கழிக்காமல் எழுதினால் விடுவோமா? இங்கே மட்டும் ஏன் விடுகிறோம்?

நவம்பர் 17, இரவு 10.30

"உடையோடு ஏறி உடையோடு இறங்கினால் கழிந்துவிடுமே" என்று கோத்தகிரியிலிருந்து ஒருவர். எடுத்த அளவைச் சரிபார்க்கக் கழியும். எடுக்க வேண்டிய அளவுக்குக் கழியாது, ஏனென்றால் டிரை வெயிட் ஜெர்கின், சால்வை எல்லாம் இல்லாமல் போட்டது. வீல்சேரோடு ஏற்றும் எடை மேடையில் சேரின் எடையைக் கழிக்கும் நர்ஸ் குல்லாவை மறப்பார், அதுதான் வழக்கம். முதலில் உட்கார்ந்து ஜெர்கின், செருப்பு, பை எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஏறச் சொல்லுங்கள். குளிருகிறது என்று கழற்ற மாட்டேன் என்றால், எப்போதும் ஒரே உடுப்பில் வரச் சொல்லி, அதை ஒரு தடவை தனியாக நிறுத்துத் தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

வேடிக்கைக்கு ஒன்று: புவியீர்ப்பும் மேலே போகப் போகக் குறையும். கீழே காலிபரேட் செய்த எலக்ட்ரானிக் தராசை ஊட்டிக்குக் கொண்டுவந்தால் 60 கிலோ ஆளை நாற்பது கிராமுக்குள் குறைத்துக் காட்டும். ஒரு மிடறு டீ. இதற்காகச் சண்டை போடாதீர்கள்.

நவம்பர் 19, மாலை 6.00

"கோவையில் இரண்டு கிலோ ஏறியவர் இங்கே 2.6 ஏறுவது ஏன், தண்ணீரே குடிப்பதில்லையே" என்று கேள்வி. வியர்ப்பதில்லை, அதுதான் முதல் காரணம். கோவை வெயிலில் வேர்வையாகவே கணிசமாகப் போகும். இங்கே போகாது. ஆனால் குடிக்கலாம் என்று தாளில் எழுதிய அளவு மட்டும் பழையபடியே இருக்கிறது.

இரண்டாவது, டீ தண்ணீர் என்று யாரும் எண்ணுவதில்லை. "சார், தண்ணி ஒரு டம்ளர்தான்" என்பார்கள். காலை டீ, பத்து மணி டீ, விருந்தாளி வந்தால் டீ, குளிருக்குக் கஞ்சி, ராத்திரி ரசம். எல்லாம் அதே கணக்குதான். நீலகிரியில் இருந்துகொண்டு டீ வேண்டாம் என்று சொல்ல எனக்கே வாய் வராது. சின்ன கிளாஸாக மாற்றுங்கள்.

மூன்றாவது, உப்பு. இது தாகத்தைவிடப் பெரியது. சலைன் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், லிட்டருக்கு 9 கிராம் உப்பு. ரத்தத்தின் உப்பளவும் கிட்டத்தட்ட அதுதான். உள்ளே போன ஒவ்வொரு 9 கிராம் உப்பும் ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைக்காமல் விடாது. வர்க்கி, ஊறுகாய், கருவாடு, அப்பளம் சாப்பிட்டுவிட்டு "தண்ணி மட்டும் குறைச்சுட்டேன்" என்றால் நடக்காது, தாகம் இழுத்துக்கொண்டுபோய்க் குடிக்க வைத்துவிடும். உப்பைக் குறைத்தால் தண்ணீர் தானாகக் குறையும்.

உருளைக்கிழங்கு பற்றிக் கேட்டவருக்கு: அது பொட்டாசியம், வேறு கதை. தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் குறையும். வேறு இழை ஆரம்பியுங்கள், இதில் சேர்த்தால் குழம்பிவிடும்.

நவம்பர் 22, இரவு 11.40

இன்று மழை, காற்று, மரம் விழுந்து கரன்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்கும் வரை மெஷின் பேட்டரியில் ரத்த பம்ப் மட்டும் ஓடும். தண்ணீர் எடுப்பது நிற்கும். அதோடு பேட்டரியும் இறங்கினால் கைப்பிடியைச் செருகிக் கையால் சுற்றி ரத்தத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லா டெக்னீஷியனுக்கும் தெரியும், குடும்பத்தாரும் ஒரு தடவை பார்த்து வைப்பது நல்லது.

நான் சொல்ல வந்தது கரன்ட் வந்த பிறகு. அளவு, நேரம், வேகம் மூன்றும் மெஷினில் பிணைந்தவை, இரண்டைக் கொடுத்தால் மூன்றாவது தானாக வரும். இருபது நிமிடம் போய்விட்டது. முடிகிற நேரத்தை நகர்த்தாமல் மிச்ச அளவை மிச்ச நேரத்தில் எடு என்று விட்டால் வேகம் ஏறிவிடும். நேரத்தை நீட்டலாம், அல்லது இன்று கொஞ்சம் குறைவாக எடுத்து அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் வாசலில் நிற்கும்போது நேரத்தை நீட்டுவது யூனிட்டுக்குச் சுலபம் இல்லை, தெரியும். அளவைக் குறைப்பது யாருக்கும் சுலபம்தானே.

நடுவில் பி.பி. விழுந்து தண்ணீர் எடுப்பதை நிறுத்தி, சலைன் 200 மில்லி கொடுத்தாலும் இதே கதை. நிறுத்திய நேரமும் கொடுத்த சலைனும் கணக்கில் வந்து, கடைசி அரை மணியில் வேகம் எகிறி நிற்கும். அதைத் திரையில் பார்க்காமல் "ஸ்டார்ட்" அழுத்தக் கூடாது.

நவம்பர் 23, மதியம் 1.15

முதல் நாள் "வேறு வழியே கிடையாது" என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கேட்கிறார்: மெஷின் சொன்னதைவிடக் கூடுதலாக எடுக்கவே எடுக்காதா? எடுக்கும், ஒரு விதத்தில். பேலன்ஸ் சேம்பருக்கும் ஃபில்டருக்கும் நடுவில் இருப்பது மூடிய வட்டம். அந்த வட்டத்தில் எங்காவது ஒழுகினால், உதாரணமாக ஃபில்டரில் மாட்டும் கப்ளிங்கின் ரப்பர் வளையம் தேய்ந்து சொட்டினால், ஒழுகிய அளவு நோயாளியிடமிருந்து ஈடுகட்டப்படும். நிமிடத்துக்கு 5 மில்லி சொட்டினால் நாலு மணியில் 1.2 லிட்டர். திரையில் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் திரை எண்ணுவது யூ.எஃப். பம்பின் அடியை மட்டும். ஓட ஆரம்பிக்கும்முன் மெஷின் தானே பிரஷர் பிடித்துப் பார்க்கும் சோதனை இதற்காகத்தான் இருக்கிறது. அவசரம் என்று அதைத் தாண்டிப் போகச் சொல்லாதீர்கள்.

மலையில் இதற்கு ஒரு தனித் தொல்லை உண்டு. மழைக்காலத்தில் வார்டுத் தரை எப்போதும் ஈரம். குடையிலிருந்து சொட்டும், பூட்ஸிலிருந்து சொட்டும், சுவரே வியர்க்கும். மெஷின் காலடியில் ஈரம் கண்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் இருக்கும் இடத்தில் கப்ளிங்குக்கு நேர் கீழே ஒரு வெள்ளைக் காகிதம் போட்டு வைக்கிறேன். நனைந்தால் குனிந்து பார்க்கலாம்.

முடிந்ததும் எடை பாருங்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான். மெஷின் 2.5 என்று காட்டி, எடை 3.5 குறைந்தால், நடுவில் சாப்பிட்டது, கழித்தது எல்லாம் பார்த்தும் கணக்கு ஒத்துவரவில்லையென்றால், அந்த மெஷினின் நம்பரைச் சொல்லிப் புகார் செய்யுங்கள். அடுத்த நோயாளி அதில் உட்காரும்முன்.

நவம்பர் 27, இரவு 9.20

குளிர் விஷயம். டயாலிசிஸ் நடக்கும்போது உடம்பு கொஞ்சம் சூடேறும், தோலில் உள்ள குழாய்கள் விரியும், பி.பி. இறங்கும். டயாலிசேட்டை 37-இலிருந்து 36 அல்லது 35.5-க்கு இறக்கினால் குழாய்கள் சுருங்கி பி.பி. நிற்கும். மருந்தில்லாத வைத்தியம், செலவும் இல்லை. கோவையில் ஏ.சி. வார்டில்கூட ஒத்துக்கொள்வார்கள். இங்கே ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம், 36 போட்டால் பல் கிடுகிடுக்கும், "சூட்டை ஏத்துங்க தம்பி" என்று தாத்தாக்கள் கெஞ்சுவார்கள். ஏற்றினால் பி.பி. விழும். அரை டிகிரியாக இறக்கிப் பழக்குவேன், கம்பளியால் மூடச் சொல்வேன். வெந்நீர்ப் பையைக் காலடியில் வைக்காதீர்கள். சர்க்கரை நோயில் கால் மரத்தவருக்குச் சுட்டது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

கம்பளி மூடும்போது டயாலிசிஸ் ஊசி குத்தியிருக்கும் ஃபிஸ்டுலா கை மட்டும் வெளியே இருக்க வேண்டும். இதில் நான் யாரிடமும் பேரம் பேசுவதில்லை. போர்வைக்குள் ஊசி நழுவினால் ரத்தம் பஞ்சில் ஊறிக்கொண்டே இருக்கும், அலாரம் அடிக்கும் என்று நம்பி இருக்கவும் முடியாது. கைக்கு ஸ்வெட்டர் வேண்டுமானால், முழங்கையில் ஜிப் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். குன்னூரில் பழைய ஸ்வெட்டரை வெட்டி ஜிப் வைத்துக் கொடுக்கும் தையல்காரர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது மணியில் பன்னும் டீயும் வரும் வழக்கம் இருக்கிறதா? சாப்பிட்டதும் ரத்தம் வயிற்றுக்கு ஓடும், ஏற்கெனவே குறைந்த பி.பி. இன்னும் குறையும். ஏற்கெனவே இழுத்துப் பிடிப்பவர்கள் முதல் மணியில் சாப்பிடட்டும், அல்லது முடித்துவிட்டு.

டிசம்பர் 3, இரவு 8.45

மஞ்சூர்க்காரர் எழுதியது: ஜெர்கினைக் கழற்றி எடை பார்த்தார்கள், டாக்டர் நேரத்தை முழு நாலு மணி ஆக்கினார், டயாலிசேட் 36. கடந்த சில தடவை சதை இழுக்கவில்லை. பஸ்ஸுக்காக மதிய ஷிஃப்டிலிருந்து காலை ஷிஃப்டுக்கு மாற்றி வாங்கியிருக்கிறார். நல்ல வேலை, அதை யூனிட்டில் கேட்டு வாங்குவதுதான் கஷ்டம்.

ஆனால் ஒரு புதுக் கேள்வி: இப்போது முடிந்ததும் 55-க்கே வந்தும் கால் லேசாக வீங்கியிருக்கிறது, படுத்தால் மூச்சு வாங்குகிறது. இது மாறாகப் போகிறது, கவனியுங்கள். டிரை வெயிட் கல்வெட்டு இல்லை. நடுவில் காய்ச்சல், சாப்பாடு குறைவு என்று சதை கரைந்திருந்தால், 55 காட்டும்போதே உள்ளே ஒரு லிட்டர் தண்ணீர் கூடுதலாக இருக்கும். சதை போன இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொள்ளும், தராசுக்கு வித்தியாசம் தெரியாது. சொந்த ஊர்ச் சாப்பாட்டில் சதை போட்டிருந்தால் நேர்மாறாக, 55-க்கு இழுத்தால் வறண்டு போவார். இப்போது டாக்டர் மறுபடி பார்க்க வேண்டிய நேரம். வீக்கம், மூச்சு, வீட்டில் எடுத்த பி.பி. மூன்றையும் தேதி போட்டு எழுதிக் கொண்டுபோங்கள். படுத்தால் மூச்சு வாங்குவதை அடுத்த டயாலிசிஸ் வரை தள்ளிப்போடாதீர்கள், நாளைக்கே சொல்லுங்கள்.

டிசம்பர் 3, இரவு 9.00

"வாரம் மூன்று தடவை மலையேறி இறங்குவதற்கு வயிற்றில் பை மாற்றும் டயாலிசிஸே மேல் இல்லையா?" எமரால்டிலிருந்து ஒருவர். சிலருக்கு மேல். அதில் மெஷின் கிடையாது, தண்ணீரை இழுப்பது பைக்குள் இருக்கும் சர்க்கரை. 1.5, 2.5, 4.25 சதவீதம் என்று மூன்று வகை, சர்க்கரை கூடக் கூட இழுப்பும் கூடும். நாள் முழுக்க மெதுவாக நடப்பதால் இந்த 13, 19 தகராறு வராது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதும் உண்டு. ஆனால் சுத்தமான அறை வேண்டும், கை கழுவும் பொறுமை வேண்டும், பையை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்துதான் ஏற்ற வேண்டும். அடுப்படியில், கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துச் சூடாக்குகிறோம் என்று சொல்லாதீர்கள், புகையும் தூசியும் உள்ளே போனால் வயிற்றில் சீழ் பிடிக்கும்.

டிசம்பர் 5, காலை 6.10

பந்தலூரில் மாலை போட்டிருப்பவருக்கு: சபரிமலைக்குப் போகலாமா என்பது உங்கள் டாக்டர் முடிவு, நான் சொல்ல மாட்டேன். போவதென்றால் வழியில் எந்த ஊரில் டயாலிசிஸ் போடப் போகிறீர்களோ அங்கே முன்கூட்டியே பேசி வையுங்கள். இங்கிருந்து கடிதம் வாங்கும்போது டிரை வெயிட், அது எந்த உடையில் எடுத்தது, வழக்கமாக எடுக்கும் அளவு, எந்த வேகத்தைத் தாண்டினால் சதை இழுக்கிறது, டயாலிசேட் சூடு, ஃபில்டர் வகை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெபாரின் அளவு இத்தனையும் எழுதச் சொல்லுங்கள். ஹெபடைட்டிஸ், எச்.ஐ.வி. ரிப்போர்ட் புதியதாக இருக்கட்டும், பழையதைக் காட்டினால் பெரும்பாலும் பெட் தர மாட்டார்கள்.